ஒட்டுக் கத்தரி: மிசௌரி வேட்டைப் பண்ணையில் மூன்று பருவம் பயன்படுத்திய பின் எழுதும் மதிப்புரை

என் மனைவியின் பெற்றோருக்கு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தின் நடுப்பகுதியில் 90 ஏக்கர் நிலம் இருக்கிறது. அக்கம்பக்கத்தார் அதைப் பண்ணை என்றே சொல்வார்கள். ஆனால் விளைந்தது என்று சந்தைக்கு அனுப்ப அங்கே எதுவும் கிடையாது. ஓக் மரக்காடு, மேய்ச்சல் நின்றுபோய்ப் புதர் மண்டிய இரண்டு மேடுகள், ஒரு குளம், நவம்பர் நடுவில் துப்பாக்கி வேட்டைப் பருவம் தொடங்கும் வார இறுதியில் மூன்று தலைமுறையும் நெருக்கியடித்துத் தங்கும் ஒரு மரவீடு, இவ்வளவுதான். மிசௌரியில் தானியத்தைக் கொட்டி மானை வரவழைத்துச் சுடுவது சட்டப்படி குற்றம். மரம் தானாக உதிர்க்கும் பழத்துக்கும் கொட்டைக்கும் அந்தத் தடை இல்லை. ஆகவே, செப்டம்பரில் தொடங்கி டிசம்பர் வரை ஏதாவது ஒரு மரத்தடியில் பழம் கிடக்கும்படி பார்த்துக்கொள்வது இங்குள்ள வேட்டைக் குடும்பங்களுக்குப் பாதி பொழுதுபோக்கு, பாதி தொழில். என் மாமனார் அந்த வேலையை என்னிடம் ஒப்படைத்தார். நான் கணினியில் தட்டுகிறவன் என்றாலும் பண்ருட்டிக்காரன் என்பதால் மரம் தெரிந்திருக்கும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும்.

பண்ருட்டியில் முந்திரிக் கன்றுக்கு மென்தண்டு ஒட்டுக் கட்டுவதைச் சிறுவயதில் வேடிக்கை பார்த்திருக்கிறேன். இரண்டு மாதக் கன்றின் தலையைச் சீவி, நடுவே பிளந்து, ஆப்பு போலச் சீவிய குச்சியைச் செருகி, பாலித்தீன் நாடாவால் சுற்றி முடிப்பதற்கு அந்த அம்மாக்களுக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. கையில் இருப்பது ஒரு சவரப் பிளேடு மட்டுமே. பார்த்தது உண்மை, செய்து பழகவில்லை. கைத்திறன் இல்லாத குறையைக் கருவி ஈடுசெய்யும் என்ற எண்ணத்தில், இணையத்தில் 32 டாலருக்கு ஓர் ஒட்டுக் கத்தரியை வாங்கினேன். ஏறத்தாழ ஒரே வார்ப்பில் செய்யப்பட்ட இந்தக் கருவி பல பெயர்களில் விற்கப்படுகிறது என்பதால் என்னுடையதன் பெயரைச் சொல்வதில் பயன் இல்லை. இந்த மதிப்புரை அந்த வகைக் கருவியைப் பற்றியது.

பார்வைக்கு அது கவாத்துக் கத்தரி போலவே இருக்கும். கத்தரிக்கும் வாய்க்கு அருகில் வளைந்த பிளேடு ஒன்று செங்குத்தாக நிற்கிறது. குச்சியை அடித்தட்டில் வைத்துக் கைப்பிடியை அழுத்தினால், கிரேக்க எழுத்தான ஒமேகாவின் (Ω) வடிவில் அது வெட்டும். ஒரு முனையில் பள்ளமும் மறுமுனையில் அதே வடிவப் புடைப்பும் அமையும். வேரோடு நிற்கும் அடிச்செடியான வேர்ச்செடியில் பள்ளம், அதன்மேல் ஏற்றும் ஒட்டுக்குச்சியில் புடைப்பு என்று வெட்டிக்கொண்டு இரண்டையும் கோத்தால், குழந்தைகளின் படத்துண்டு விளையாட்டுப் போலக் கச்சிதமாகப் பொருந்தி நிற்கிறது. பெட்டிக்குள் வேறு வடிவப் பிளேடுகள் இரண்டு, ஒரு திருப்புளி, ஒரு சுருள் நாடா ஆகியவையும் இருந்தன.

இந்த வெட்டு திராட்சை நாற்றங்கால்களில் பெருவழக்காக இருப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, அதைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சையின் வேரில் ஐரோப்பிய வகைகளை ஒட்டுவதே தீர்வாயிற்று. அந்த வேலைக்கு ஒரே பருமனில் வளர்த்த குச்சிகள் ஆயிரக்கணக்கில் மேசைமீது வந்து விழுகின்றன. வெட்டுகிறவர் நிழலில் உட்கார்ந்திருக்கிறார். கருவி எங்கே நன்றாக வேலை செய்யும், எங்கே செய்யாது என்பதற்கான விடை முழுவதும் அந்தக் காட்சியில் இருக்கிறது. நான்தான் அதைக் கவனிக்கவில்லை.

முதல் ஆண்டு மார்ச் மாதத்தில், வீட்டு நிலவறையில் மேசை போட்டு, வேர்ச்செடியாக வாங்கிய 24 பேரிக் கன்றுகளில் ஒட்டினேன். குச்சிகளைப் பிப்ரவரியிலேயே, மொட்டு உறங்கும்போது வெட்டி, ஈரத்தாளில் சுற்றி, பையிலிட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். அதே பெட்டியில் ஆப்பிள் இருக்கக் கூடாது என்பது முக்கியம். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டைக் கொன்றுவிடும். பென்சில் பருமனுள்ள குச்சிகளில் கத்தரி வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது. குச்சியை எந்தப் பக்கமிருந்து நுழைப்பது என்பதை மறந்துவிட்டால் இரண்டிலும் பள்ளமே விழும். அப்படி மூன்று நல்ல குச்சிகளை வீணாக்கிய பிறகு, கைப்பிடியில் மையால் அம்புக்குறி போட்டுக்கொண்டேன். 24-இல் 19 துளிர்த்தன. முதன்முறை கட்டுகிறவனுக்கு இது மதிப்பான கணக்கு; அன்று இந்த மதிப்புரையை எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

ஆனால் வேட்டைப் பண்ணையில் கன்று நடுவது சிறு வேலை. பெரிய வேலை, ஏற்கெனவே நிற்கும் காட்டு மரங்களின் தலையை மாற்றுவது. எங்கள் மேடுகளில் இரண்டு மரங்கள் தாமாகவே முளைத்துப் பெருகியிருந்தன: ஒன்று அமெரிக்கப் பெர்சிமன், மற்றொன்று கேலரி பேரி.

பெர்சிமன் பனையைப் போல ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறாக வளர்வது. பெண்மரம் மட்டுமே காய்க்கும். காயில் கடித்தால் துவர்ப்பு நாக்கை மரக்கட்டையாக்கிவிடும். நன்றாகக் கனிந்து தானே விழுந்ததோ கருப்பட்டிப் பாகில் ஊறிய பேரீச்சம்பழம் போல இருக்கும். உறைபனி பட்டால்தான் இனிக்கும் என்று இங்கே பாட்டிமார் சொல்வது உண்மையன்று. செப்டம்பரிலேயே, பனி விழுமுன், கனிந்து உதிரும் வகைகள் உண்டு. எங்கள் மேட்டில் நின்றவற்றில் பாதிக்கு மேல் ஆண்மரங்கள். ஆண்மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்குப் பதிலாக, நெஞ்சளவு உயரத்தில் அறுத்து, அதன்மேல் நல்ல பெண்வகை ஒன்றின் குச்சியை ஏற்றினால், ஆழ வேரோடிய மரம் நான்கைந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கிவிடும். மகரந்தத்துக்காக ஒன்றிரண்டு ஆண்மரங்களை விட்டுவைக்க வேண்டும், அவ்வளவே.

கேலரி பேரியின் கதை வேறு. தீக்கருகல் நோயைத் தாங்கும் வேர்ச்செடிக்காக அமெரிக்க வேளாண் துறை சீனாவிலிருந்து விதை தருவித்த மரம் அது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த பிராட்ஃபோர்டு என்ற அழகுவகை 1963-இல் வெளியிடப்பட்டு, தெருத்தெருவாக நடப்பட்டது. இன்று அதன் வழிவந்த முள் நிறைந்த கன்றுகள் தரிசெங்கும் பரவி, டிராக்டர் சக்கரத்தைக் குத்துகின்றன. ஓஹையோ மாநிலம் 2023 ஜனவரி முதல் அதன் விற்பனையையே தடைசெய்துவிட்டது. எங்களுக்கோ அது இலவச வேர்ச்செடி. கீஃபர் போன்ற பழைய வகைப் பேரியை அதன்மேல் ஒட்டினால், அக்டோபர் பிற்பகுதி வரை கல்லைப் போலக் கெட்டியாகத் தொங்கி, மான் வரும் காலத்தில் விழுகிறது.

இந்த இரண்டு மரங்களிடமும் கத்தரி தோற்றது. மே மாதத் தொடக்கத்தில் பெர்சிமன் ஒன்றின் விரல்பருமன் கிளையில் அதை வைத்து அழுத்தினேன். பாதியில் பிளேடு நின்றது. இரண்டு கைகளாலும் அழுத்தியபோது மடக்கென்ற ஒலியோடு துண்டாயிற்று. எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் பட்டை நசுங்கி, நார் நாராகப் பிரிந்து, சில நிமிடங்களில் கறுத்துவிட்டது. பெர்சிமன் நம் கருங்காலியின் பேரினத்தைச் சேர்ந்தது என்பதையும், உலோகம் வருமுன் கோல்ஃப் மட்டைகளின் தலையை இந்தக் கட்டையில்தான் செய்தார்கள் என்பதையும் அன்று மாலை படித்துத் தெரிந்துகொண்டேன். படித்தபின் வாங்கியிருக்க வேண்டும். அன்று கட்டிய பத்து ஒட்டுகளில் இரண்டே பிழைத்தன. அவற்றில் ஒன்றையும் ஜூன் மாதத்தில் ஒரு கரும்பறவை வந்து உட்கார்ந்து ஒடித்துவிட்டுப் போயிற்று.

அந்தப் பறவையைத் திட்டுவதில் நியாயமில்லை. ஒமேகா இணைப்பின் நீளம் ஒரு சென்டிமீட்டரை ஒட்டியதுதான். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, நகத்தால் சுரண்டினால் வழவழவென்று தெரியும் பச்சைப் படலத்தைக் கேம்பியம் என்பார்கள். இருபுறத்துப் படலமும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் மட்டுமே திசு வளர்ந்து ஒட்டுகிறது. கத்தியால் சாய்வாகச் சீவி நாக்கு ஒட்டுக் கட்டினால் அந்தத் தொடுகை மூன்று, நான்கு சென்டிமீட்டருக்கு நீளும். கத்தரியின் வெட்டிலோ தொடுகை குறைவு. குச்சி இரண்டும் ஒரே பருமனாக இல்லாவிட்டால் ஒரு விளிம்பில் மட்டுமே படும். நிலவறை மேசையில் பருமன் பார்த்துப் பொறுக்கலாம். காட்டில் நிற்கும் மரத்தைப் பொறுக்க முடியாது. மணிக்கட்டுப் பருமனுள்ள தண்டு கத்தரியின் வாய்க்குள் நுழையவே நுழையாது.

இரண்டாம் ஆண்டு, ஏறக்குறைய அதே விலைக்கு, ஒருபக்கம் மட்டும் சாய்வு வைத்த விக்டோரினாக்ஸ் ஒட்டுக் கத்தி ஒன்றை வாங்கினேன். மறுபக்கம் தட்டையாக இருப்பதால் அது குச்சியைக் குடையாமல் நேராகச் சீவுகிறது. பெரும்பாலும் வலக்கைக்காரர்களுக்கே இவ்வகைக் கத்திகள் வருகின்றன. இடக்கைக்காரர்கள் தேடித்தான் வாங்க வேண்டும். தீட்டும்போது தட்டைப் பக்கத்தைக் கல்லில் முழுதாகப் படியவிட்டு, பிறகு தோல்வாரில் நாலு இழுப்பு. முன்கை மயிர் சிரைந்து விழும் கூர்மை வரும்வரை மரத்தின் பக்கம் போகக் கூடாது.

அறுத்த தண்டின் பட்டைக்குள் குச்சியைச் செருகும் பட்டை ஒட்டுக்கு வேண்டியதெல்லாம் இந்தக் கத்தியும் ஒரு கைரம்பமும்தான். பெர்சிமனில் இலை அணிலின் காதளவு விரியும் வரை காத்திருந்தேன். தண்டை அறுத்து, பட்டையில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு நேர்க்கீறல் போட்டுக் கத்தி முனையால் நெம்பினால், வாழைமட்டை உரிவது போலப் பட்டை ஈரத்தோடு விலகி வருகிறது. அப்படி விலகாவிட்டால் நாள் வரவில்லை என்று பொருள். ஒரு வாரம் கழித்துத் திரும்ப வர வேண்டும். ஒட்டுக்குச்சியை ஒரே இழுப்பில் நீளச் சாய்வாகச் சீவி, சீவிய முகம் கட்டையைப் பார்க்கும்படி பட்டைக்குள் செருகி, சிறு ஆணி ஒன்றால் நிறுத்தி, நாடாவால் இறுகச் சுற்றினேன். வெயில் சூடு தாக்காமல் இருக்க அலுமினியத் தாள் ஒரு சுற்று, ஈரம் போகாமலிருக்க அதன்மேல் பாலித்தீன் பை. உச்சியில் ஒரு மூங்கில் குச்சியை ஒட்டைவிட உயரமாகக் கட்டிவைத்தேன். பறவைகள் எப்போதும் மிக உயர்ந்த முனையில்தான் உட்காரும். பன்னிரண்டில் எட்டுப் பிழைத்தன. கைத்திறன் அந்த ஓராண்டில் ஒன்றும் கூடிவிடவில்லை. பருமன் வேறுபாட்டைப் பொருட்படுத்தாத முறையைக் கையாண்டேன், அதற்கேற்ற கருவி கையில் இருந்தது.

கத்தரியோடு வந்த நாடாவைப் பற்றி எச்சரிக்க வேண்டும். அது மக்காத சாதாரணப் பிளாஸ்டிக். முதலாண்டு ஒட்டிய பேரிக் கன்று ஒன்றில் அதை அவிழ்க்க மறந்துவிட்டேன். ஆகஸ்டில் பார்த்தபோது தண்டு அந்த இடத்தில் அரைஞாண்கயிறு இறுக்கிய குழந்தை இடுப்புப் போலக் குழிந்திருந்தது, அடுத்த காற்றில் முறிந்தது. அதற்குப் பதில் பாராஃபில்ம் என்ற மெழுகுப் படலத்தைப் பயன்படுத்துகிறேன். ஆய்வகக் குடுவைகளின் வாயை மூட வைத்திருப்பார்களே, அதே பொருள். இழுத்தால் நீண்டு தன்மேல் தானே ஒட்டிக்கொள்கிறது, மொட்டு அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது, வெயிலில் தானாகவே சிதைந்துவிடுகிறது. அதற்கு இறுக்கும் வலு போதாது என்பதால் அடியில் ஒரு ரப்பர் பட்டை சுற்ற வேண்டும்.

கொட்டை மரங்களுக்கு வருகிறேன். ஆற்றோரத் தாழ்நிலத்தில், வால்நட் போன்ற கொட்டை தரும் பீக்கன் மரத்தின் கன்றுகள் சில நிற்கின்றன. விதைக்கன்று காய்க்கப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும். ஒட்டுமரம் அதில் பாதிக் காலத்தில் காய்க்கும். பீக்கனை ஒட்டிக் காட்டிய முதல் மனிதராக வரலாறு சொல்பவர் லூசியானாவின் ஓக் ஆலி தோட்டத்தில் அடிமையாக இருந்த ஆன்டோயின் என்ற தோட்டக்காரர். 1840-களில் அவர் ஒட்டிப் பெருக்கிய மரத்தின் காய், 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் பரிசு பெற்று, சென்டென்னியல் என்ற பெயரையும் பெற்றது. அவருடைய பெயரின் பின்பாதி கூட ஏட்டில் இல்லை. ஒமேகா பிளேடு எதுவும் இல்லாத காலத்தில் அவர் செய்த வேலையை நினைத்தால், என் 32 டாலர் கொஞ்சம் உறுத்துகிறது.

பீக்கனுக்கும் கத்தரி பயன்படாது. அந்த மரத்தில் திசு கூடுவதற்கு நல்ல வெதுவெதுப்பும் பட்டையின் முழு நீளத் தொடுகையும் வேண்டும். இங்குள்ளவர்கள் வாழைப்பழ ஒட்டு என்று ஒரு முறையைச் செய்கிறார்கள்: வேர்ச்செடியின் பட்டையை வாழைப்பழத் தோல் போல நான்கு இதழாகக் கீழே உரித்து, நடுக்கட்டையை வெட்டி எறிந்துவிட்டு, நான்கு பக்கமும் பட்டை சீவிய குச்சியை அங்கே நிறுத்தி, இதழ்களை மேலே தூக்கி ரப்பரால் கட்டுவது. மூன்று கட்டி ஒன்று பிழைத்திருக்கிறது. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். செஸ்ட்நட்டை நான் ஒட்டவே இல்லை. 1904-இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட கருகல் நோய் அமெரிக்கச் செஸ்ட்நட் காடுகளை அடியோடு அழித்துவிட்டதால், இன்று வேட்டைப் பண்ணைகளில் நடப்படுபவை பெரும்பாலும் சீன வகையும் கலப்பினங்களும். அவற்றில் ஒட்டு நன்றாகப் பிடித்தது போலிருந்து சில ஆண்டுகள் கழித்து விலகிக்கொள்ளும் பழக்கம் உண்டு என்பதால் விதைக்கன்றையே நட்டோம்.

ஒட்டுப் பிடித்தபின் செய்யும் செலவு கருவியின் விலையை விடப் பன்மடங்கு என்பதையும் வாங்குகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும். எந்த மானுக்காக மரம் வளர்க்கிறோமோ அதுவே துளிரைத் தின்கிறது. செப்டம்பரில் ஆண்மான்கள் கொம்பின் மெல்லிய தோலை உரிக்க இளந்தண்டில் தேய்த்துப் பட்டையைக் கிழிக்கின்றன. கன்றுகளுக்கு ஐந்தடிப் பிளாஸ்டிக் குழாயும், தலைமாற்றிய மரங்களுக்கு அதே உயரக் கம்பிவலைக் கூண்டும் போட்டோம். ஒட்டுக்குக் கீழே கேலரி பேரி விடும் முளைகளைக் கோடை முழுவதும் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மாதம் ஊருக்குப் போய்வந்த ஆண்டில், ஒட்டு எது, காட்டுக்கிளை எது என்று தேட வேண்டியதாயிற்று.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் அந்தக் கத்தரியை நான் தூக்கி எறியவில்லை. என் மாமனாருக்கு எழுபத்தாறு வயது; விரல் மூட்டுகளில் வாதம். கத்தியை ஒரே இழுப்பில் இழுக்க அவரால் இயலாது. கைப்பிடியை மேசைமேல் ஊன்றி அழுத்த இயலும். என் மகளுக்குப் பதினொன்று. அவள் கையில் சவரக் கூர்மையுள்ள கத்தியைக் கொடுக்க எனக்குத் துணிவில்லை, என் கட்டைவிரலில் உள்ள மூன்று தையல்கள் அதற்குச் சாட்சி. ஒவ்வொரு மார்ச்சிலும் இருவரும் நிலவறையில் உட்கார்ந்து, தாத்தா குச்சி பொறுக்க, பேத்தி வெட்ட, இருபது, முப்பது பேரிக் கன்றுகளை ஒட்டி முடிக்கிறார்கள். அவர்களுடைய கணக்கு என்னுடையதை விட நன்றாக இருக்கிறது. பென்சில் பருமன், மென்மையான கட்டை, மேசை, நிழல் என்ற நான்கும் அமைந்தால் இந்தக் கருவிக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். நிற்கும் மரத்துக்காக வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்றுதான். அந்த ஒன்றும் திருப்புளிக்காக.

வாங்குவதானால், பிளேடு நூறு வெட்டுக்குள் மழுங்கத் தொடங்கும் என்று எதிர்பாருங்கள். வளைந்த பிளேடை வீட்டில் தீட்ட வழியில்லை. மாற்றுப் பிளேடு தனியாக விற்கிறார்கள், ஆனால் வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் திருகுத் துளைகளின் இடைவெளி பெயருக்குப் பெயர் மாறுகிறது. பழையதைக் கழற்றி அளந்துகொண்ட பிறகே கேளுங்கள். பொருந்தாத இரண்டு பிளேடுகள் என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன, விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்.